500 யூனிட்டா, 501 யூனிட்டா? இணையச் செயலியைத் தானாகச் சோதித்து வெளியிடுவது எப்படி

உங்கள் வீட்டு மின் மீட்டர் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டண விகிதப்படி அதற்கான தொகை 1,725 ரூபாய். மீட்டர் ஒரே ஒரு யூனிட் கூடுதலாக ஓடி 501 ஆகிவிட்டால் தொகை 1,958 ரூபாய். ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் வித்தியாசம்!

காரணம் இதுதான். 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த குறைந்த விலை கிடைக்காது. கணக்கு முழுவதும் வேறு அட்டவணைக்கு மாறிவிடும்.

இப்போது இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும் ஒரு சின்ன இணையச் செயலியை யாரோ உருவாக்குகிறார்கள். '500-ஐ விட அதிகம்' என்று எழுத வேண்டிய இடத்தில், கை தவறி '500 அல்லது அதற்கு மேல்' என்று எழுதிவிடுகிறார்கள். கோடில் ஒரே ஒரு குறிதான் கூடியிருக்கிறது. ஆனால் சரியாக 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு 1,725-க்குப் பதில் 1,950 ரூபாய் என்று போனில் தெரியும். 225 ரூபாய் தப்பு. பக்கம் அழகாகத் திறக்கும், பட்டன் வேலை செய்யும், யாருக்கும் சந்தேகமே வராது.

இந்த மாதிரி தப்பு உங்கள் போனுக்கு வந்து சேரும் முன்பே அதைத் தடுத்து நிறுத்தும் ஏற்பாட்டைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம். கல்லூரி மாணவர்கள், சொந்தமாக வெப்சைட் செய்து தருபவர்கள், தங்கள் தெருவுக்கோ சங்கத்துக்கோ ஒரு சிறு செயலி செய்ய நினைப்பவர்கள் அப்படியே செய்து பார்க்கலாம். கோட் எழுதத் தெரியாதவர்களும் படிக்கலாம். போனில் நாம் பயன்படுத்தும் சேவைகள் எப்படிச் சரிபார்க்கப்பட வேண்டும் என்பது பயனாளிக்கும் தெரிந்திருப்பது நல்லதுதானே!

இரண்டு வார்த்தைகள், ஒரே பாதை

'ஆட்டோமேட்டட் டெஸ்டிங்' என்றால், செயலி சரியான விடை தருகிறதா என்று கம்ப்யூட்டரே சோதித்துச் சொல்வது. 'டெப்ளாய்மென்ட்' என்றால், எழுதி முடித்த செயலியை மக்கள் பயன்படுத்தும் சர்வரில் கொண்டுபோய் வைப்பது. இந்தப் பாடத்தில் அதை 'வெளியீடு' என்று சொல்வோம்.

இரண்டையும் ஒரே பாதையில் இணைத்துவிட வேண்டும். கோடில் யார் என்ன மாற்றினாலும் முதலில் சோதனை ஓடும். சோதனை வெற்றி பெற்றால் மட்டும் வெளியீடு நடக்கும். ஒரு சோதனை தோற்றாலும் வண்டி அங்கேயே நின்றுவிடும். அவ்ளோதான் விஷயம். மற்றதெல்லாம் இதை எப்படி அமைப்பது என்ற செய்முறை.

"நானே ஒவ்வொரு தடவையும் திறந்து பார்த்துவிட்டு வெளியிட்டால் போதாதா?" என்று கேட்கலாம். முதல் தடவை போதும். பத்தாவது தடவை, ராத்திரி பதினோரு மணிக்கு, "ஒரு எழுத்துப்பிழைதானே மாத்தினேன், இதுக்கு என்ன டெஸ்ட்?" என்று தோன்றும். தப்பு நடப்பது பெரும்பாலும் அந்தப் பத்தாவது தடவையில்தான். இயந்திரத்துக்குச் சலிப்பு கிடையாது.

மறந்துபோன ஒரு சர்வர்

கையால் வெளியிடுவதில் உள்ள ஆபத்துக்கு உலகமறிந்த உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 2012 ஜூலை கடைசியில் தன் மென்பொருளுக்குப் புதிய கோடை வெளியிட்டது. மொத்தம் 8 சர்வர்கள். ஊழியர் ஒருவர் 7 சர்வர்களில் புதிய கோடை வைத்தார். எட்டாவது சர்வர் விட்டுப்போனது. அதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வ நடைமுறையும் அங்கே இல்லை.

ஆகஸ்ட் 1 அன்று காலை பங்குச்சந்தை திறந்தது. எட்டாவது சர்வரில் இருந்த, பல வருடங்களாகப் பயன்படுத்தாத பழைய கோடு விழித்துக்கொண்டு கட்டுப்பாடில்லாமல் பங்குகளை வாங்கவும் விற்கவும் ஆரம்பித்தது. சுமார் 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் இதற்காக 2013-ல் 1.2 கோடி டாலர் அபராதமும் போட்டது.

அந்த ஊழியர் சோம்பேறி என்று இதற்கு அர்த்தமில்லை. எட்டு இடத்தில் ஒரே வேலையைக் கையால் செய்யும் யாருக்கும் இது நடக்கலாம். மனிதன் மறந்தால் அதைப் பிடிக்கும் ஏற்பாடு இல்லை என்பதுதான் அங்கே இருந்த உண்மையான ஓட்டை.

முதலில் சோதனைத் தாள்

நம் உதாரணத்துக்கு வருவோம். நிறையப் பேர் நேராகக் கோட் எழுத உட்கார்ந்துவிடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீங்க. முதலில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுங்கள். 2022 விகிதம் இதுதான்:

500 யூனிட் வரை பயன்படுத்தினால்:
- முதல் 100 யூனிட்: கட்டணம் இல்லை
- 101 முதல் 200 வரை: யூனிட்டுக்கு 2.25 ரூபாய்
- 201 முதல் 400 வரை: 4.50 ரூபாய்
- 401 முதல் 500 வரை: 6 ரூபாய்

500 யூனிட்டைத் தாண்டினால்:
- முதல் 100 யூனிட்: கட்டணம் இல்லை
- 101 முதல் 400 வரை: 4.50 ரூபாய்
- 401 முதல் 500 வரை: 6 ரூபாய்
- 501 முதல் 600 வரை: 8 ரூபாய்
- 601 முதல் 800 வரை: 9 ரூபாய்
- 801 முதல் 1,000 வரை: 10 ரூபாய்
- அதற்கு மேல்: 11 ரூபாய்

கவனிக்க: இந்த விகிதம் பின்னர் மாற்றப்பட்டுவிட்டது. இங்கே பாடத்துக்காக மட்டும் எடுத்திருக்கிறோம். உங்கள் இன்றைய பில்லுக்கு மின்வாரியத்தின் ரசீதில் உள்ள தொகைதான் இறுதியானது.

இப்போது எந்த எண்களைச் சோதிக்க வேண்டும்? 50, 250, 700 என்று நடுவில் உள்ள எண்களை எடுத்தால் பெரிய பலன் இருக்காது. தப்பு ஒளிந்திருப்பது எல்லைகளில். ஒரு படி முடிந்து அடுத்த படி தொடங்கும் இடத்தில், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று எடுக்க வேண்டும். கையால் கணக்குப் போட்டால் இப்படி வரும்:

- 0 யூனிட்: 0
- 100: 0
- 101: 2.25 ரூபாய்
- 200: 225
- 201: 229.50
- 400: 1,125
- 401: 1,131
- 500: 1,725
- 501: 1,958
- 600: 2,750
- 601: 2,759
- 800: 4,550
- 801: 4,560
- 1,000: 6,550
- 1,001: 6,561

இந்தத் தாளைச் செய்யும்போது ஒரு விதியை மீறவே கூடாது. விடைகளைக் கட்டண அட்டவணையைப் பார்த்து நீங்களே கணக்கிட வேண்டும். செயலியை ஓட்டி, அது காட்டிய விடையைச் சோதனைத் தாளில் எழுதாதீர்கள். அது, மாணவன் எழுதிய விடைத்தாளையே பார்த்து விடைக்குறிப்பு தயாரிப்பது மாதிரி. எழுதியது தப்பாக இருந்தாலும் நூற்றுக்கு நூறு வரும்! முடிந்தால் தாளை ஒருவரும் கோடை இன்னொருவரும் எழுதுங்கள்.

கணக்கு மட்டும் போதாது. மக்கள் போனில் எதையெல்லாம் தட்டுவார்கள் என்றும் யோசியுங்கள். கட்டம் காலியாக இருந்தால்? மைனஸ் 5 என்று போட்டால்? '500 யூனிட்' என்று எழுத்தோடு சேர்த்துப் போட்டால்? '1,001' என்று காற்புள்ளி வைத்துப் போட்டால்? ஒவ்வொன்றுக்கும் செயலி என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். உதாரணமாக, காலியாக இருந்தால் '0 ரூபாய்' என்று காட்டக் கூடாது. 'யூனிட் எண்ணிக்கையை எழுதவும்' என்று சொல்ல வேண்டும். இவையும் சோதனைகள்தான்.

ரூபாயில் இல்லை, பைசாவில்

கோட் எழுதும்போது ஒரு நடைமுறைக் குறிப்பு. கம்ப்யூட்டர் தசம எண்களை இரும முறையில் வைத்துக்கொள்வதால் சில எண்களைத் துல்லியமாக வைக்க முடிவதில்லை. ஜாவாஸ்கிரிப்ட்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். நம்ப முடியவில்லையா? செய்து பாருங்கள்.

பணக் கணக்கில் இதற்கு எளிய வழி, எல்லாவற்றையும் பைசாவில் வைத்துக்கொள்வது. 2.25 ரூபாய்க்குப் பதில் 225 பைசா. கடைசியில் திரையில் காட்டும்போது மட்டும் 100-ஆல் வகுத்து ரூபாய் ஆக்குங்கள்.

இன்னொன்று: கணக்கு போடும் பகுதியைத் தனிக் கோப்பில் வையுங்கள். பட்டன், நிறம், எழுத்து எல்லாம் வேறு கோப்பில் இருக்கட்டும். அப்போதுதான் பக்கத்தைத் திறக்காமலே கணக்கை மட்டும் தனியாகச் சோதிக்க முடியும்.

அமைப்பது எப்படி? ஏழு படிகள்

இதற்குப் பல கருவிகள் உண்டு: ஜென்கின்ஸ், கிட்லேப், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்று. தொடங்குபவர்களுக்குச் செலவில்லாமல் கிடைப்பதால் நாம் கிட்ஹப்பை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்த கோப்புப் பெட்டகங்களுக்கு, வழக்கமான இயந்திரங்களில் ஓடும் ஆக்‌ஷன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. அமைக்கும் வேலையைக் கம்ப்யூட்டரில் செய்வது சுலபம். பிறகு கண்காணிக்க போனே போதும்.

படி 1. கிட்ஹப்பில் கணக்கு தொடங்கி, ஒரு ரெப்போசிட்டரியை, அதாவது கோப்புப் பெட்டகத்தை, உருவாக்குங்கள். அதில் 'மெயின்' என்ற கிளை தானாக இருக்கும். மக்கள் பார்க்கும் பதிப்பு எப்போதும் இந்த மெயின் கிளையில் உள்ளதுதான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

படி 2. வெப்சைட்டுக்குப் போக வேண்டிய கோப்புகளை மட்டும் 'சைட்' என்ற ஃபோல்டரில் வையுங்கள். சோதனைக் கோப்பு அதற்கு வெளியே இருக்கட்டும். இப்படிப் பிரிக்காவிட்டால் பெட்டகத்தில் உள்ள எல்லாமே வெளியீட்டில் போய்விடும்.

படி 3. சோதனைத் தாளைக் கோட் ஆக்குங்கள். நோட் ஜேஎஸ்-இன் 20-ஆவது பதிப்பு முதல் சோதனை ஓட்டும் வசதி முழுமையான வடிவில் அதன் உள்ளேயே இருக்கிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம். சோதனைக் கோப்பின் பெயர் 'டாட் டெஸ்ட் டாட் ஜேஎஸ்' என்று முடிந்தால் நோட் அதைத் தானே கண்டுபிடித்துவிடும். தாளில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனை: '500 கொடுத்தால் 1,72,500 பைசா வர வேண்டும்', '501 கொடுத்தால் 1,95,800 பைசா வர வேண்டும்' என்று. முதலில் உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

படி 4. ரெப்போசிட்டரியில் 'செட்டிங்ஸ்' போய், 'பேஜஸ்' பகுதியில், சோர்ஸ் என்ற இடத்தில் 'கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்' என்று தேர்ந்தெடுங்கள். கீழே 'ஸ்டேட்டிக் ஹெச்டிஎம்எல்' என்ற மாதிரி கிடைக்கும். 'கான்ஃபிகர்' தட்டினால் ஒரு யாம்ல் கோப்பு திறக்கும். இதுதான் இயந்திரத்துக்கு நாம் தரும் வேலைப் பட்டியல். அதில் வெளியிட வேண்டிய இடம் 'முழுப் பெட்டகம்' என்று குறிக்கும் ஒரு புள்ளியாக இருக்கும். அதைச் 'சைட்' ஃபோல்டர் என்று மாற்றிவிடுங்கள்.

படி 5. அந்த மாதிரியில் 'டெப்ளாய்' என்ற ஒரு வேலைதான் இருக்கும். அதற்கு முன் 'டெஸ்ட்' என்று இன்னொரு வேலையைச் சேருங்கள். அதற்குள் மூன்றே செயல்கள்: பெட்டகத்திலிருந்து கோடை எடுத்துக்கொள், நோட் ஜேஎஸ்-ஐத் தயார் செய், சோதனையை ஓட்டு. பிறகு 'டெப்ளாய்' வேலையின் கீழ் 'நீட்ஸ்' என்ற ஒரு வரியைச் சேர்த்து 'டெஸ்ட்' என்று குறிப்பிடுங்கள். 'டெஸ்ட் வெற்றி பெறாமல் நீ நகரக் கூடாது' என்று வெளியீட்டுக்குப் போடும் பூட்டு இந்த ஒரு வரிதான். இதை மறந்தால் இரண்டு வேலையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். சோதனை தோற்றாலும் தப்பான பதிப்பு வெளியே போய்விடும். யாம்ல் கோப்பில் வரி உள்தள்ளலுக்கு டேப் பட்டனைப் பயன்படுத்தாமல் ஸ்பேஸ் மட்டுமே போடுங்கள். முதல் தடவை சிவப்பு விளக்கு எரிந்தால் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

படி 6. இப்போது மெயின் கிளைக்குக் காவல் போட வேண்டும். 'செட்டிங்ஸ்' உள்ளே 'ரூல்செட்ஸ்' போய், மெயின் கிளைக்கு ஒரு விதி உருவாக்குங்கள். இரண்டு நிபந்தனைகள்: நேராக மெயின் கிளையில் யாரும் எழுதக் கூடாது, புல் ரிக்வெஸ்ட் வழியாகத்தான் வர வேண்டும், 'டெஸ்ட்' வேலை பச்சை காட்டினால்தான் இணைக்க முடியும். புல் ரிக்வெஸ்ட் என்றால் 'இந்த மாற்றத்தைச் சேர்க்கலாமா?' என்று கேட்கும் விண்ணப்பம். தனியாக வேலை செய்பவராக இருந்தால், ஒப்புதல் தருபவர் எண்ணிக்கையை 0 என்று வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் விண்ணப்பத்தை நீங்களே ஏற்க முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள். கடைசியில் விதியின் நிலையை 'ஆக்டிவ்' ஆக்க மறக்காதீங்க.

இந்தக் காவலுக்காக யாம்ல் கோப்பிலும் இரண்டு சிறு மாற்றம் தேவை. புல் ரிக்வெஸ்ட் வரும்போதும் ஓட வேண்டும் என்று தொடக்கத்தில் சேருங்கள். வெளியீட்டு வேலைக்கு 'மெயின் கிளையில் இணைந்த மாற்றமாக இருந்தால் மட்டும்' என்ற நிபந்தனை போடுங்கள். அப்போது விண்ணப்ப நிலையில் சோதனை மட்டும் நடக்கும். இணைத்த பிறகு சோதனையும் வெளியீடும் நடக்கும்.

படி 7. வேண்டுமென்றே ஒரு தப்பு செய்து பாருங்கள். இது விளையாட்டு இல்லை, மிக முக்கியமான படி. ஒரு புதிய கிளையில் '500-ஐ விட அதிகம்' என்பதை '500 அல்லது அதற்கு மேல்' என்று மாற்றி விண்ணப்பம் போடுங்கள். சிறிது நேரத்தில் சிவப்புக் குறி வர வேண்டும். உள்ளே திறந்தால், 1,72,500 எதிர்பார்த்த இடத்தில் 1,95,000 வந்தது என்று காட்ட வேண்டும். இணைக்கும் பட்டன் பூட்டியிருக்க வேண்டும். இப்படி நடந்தால் உங்கள் காவல் வேலை செய்கிறது. சிவப்பு வரவில்லை என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. மணி அடிக்கிறதா என்று பார்க்காமல் தீயணைப்பு அலாரத்தைச் சுவரில் மாட்டுவோமா?

கட்டணம் மாறும் நாளில்

இந்த ஏற்பாட்டின் அருமை தெரிவது, விதி மாறும் நாளில்தான். மின்கட்டணமோ, பேருந்துக் கட்டணமோ, விண்ணப்ப வயது வரம்போ மாறுகிறது. உடனே செயலியிலும் மாற்ற வேண்டும். அவசரம்.

அந்த நேரத்தில் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் புதிய அட்டவணையைப் பார்த்துச் சோதனைத் தாளை மாற்றுங்கள். ஓட்டுங்கள், பழைய கணக்கு புதிய தாளோடு பொருந்தாது, எனவே சிவப்பு வரும். வர வேண்டும். பிறகு கணக்கை மாற்றுங்கள். எல்லா வரியும் பச்சை ஆகும் வரை திருத்துங்கள். ஒரு படியை மாற்ற மறந்திருந்தால் அந்த வரி மட்டும் சிவப்பாகவே நிற்கும். எது விட்டுப்போனது என்று நீங்கள் தேட வேண்டியதில்லை.

பச்சை வந்தால் எல்லாம் சரியா?

இல்லை. நாம் எழுதிய கேள்விகளுக்கு மட்டுமே சோதனை பதில் சொல்லும். கேட்காத கேள்விக்குப் பதில் கிடையாது.

2024 ஜூலை 19 நினைவிருக்கலாம். உலகம் முழுவதும் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஓர் அப்டேட்தான் காரணம். மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள். நம் நாட்டு விமான நிலையங்களிலும் சிலருக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அந்த நிறுவனத்தில் தானியங்கிச் சோதனை இல்லாமல் இல்லை. அப்டேட்டைச் சரிபார்க்கும் மென்பொருளிலேயே ஒரு பிழை இருந்ததால் தப்பான கோப்பு 'சரி' என்று கடந்துவிட்டது. அதோடு, அந்த அப்டேட் படிப்படியாகப் போகாமல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது.

ஆகவே நம் சின்னச் செயலிக்கும் மூன்று பழக்கங்கள் வேண்டும்.

ஒன்று, வெளியிட்ட பிறகும் பாருங்கள். வெளியீட்டு வேலைக்குப் பின் மூன்றாவதாக ஒரு வேலை சேர்த்து, உண்மையான முகவரியைத் திறந்து, பக்கம் வருகிறதா, தலைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் போனிலும், முடிந்தால் விலை குறைந்த பழைய போன் ஒன்றிலும் திறந்து பாருங்கள். எழுத்து வெட்டுப்படுவதும், கீபோர்டு வந்து பட்டனை மறைப்பதும் கணக்குச் சோதனையில் தெரியாது.

இரண்டு, திரும்பும் வழியை முன்பே தெரிந்து வையுங்கள். கிட்ஹப்பில் இணைத்த விண்ணப்பத்தின் பக்கத்தில் 'ரிவர்ட்' என்ற பட்டன் இருக்கும். அதைத் தட்டினால் அந்த மாற்றத்தை நீக்கும் புதிய விண்ணப்பம் உருவாகும். அதுவும் சோதனை தாண்டித்தான் வெளியே போகும். தப்பு தெரிந்தவுடன் நேரலையில் உட்கார்ந்து திருத்தப் பார்க்காதீர்கள். முதலில் பழைய நல்ல பதிப்புக்குத் திரும்புங்கள். காரணத்தை அப்புறம் நிதானமாகத் தேடலாம்.

மூன்று, சின்னச் சின்ன மாற்றமாக வெளியிடுங்கள். ஒரு மாத வேலையை மொத்தமாக வெளியிட்டால் தப்பு எங்கே என்று தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுவது மாதிரி. ஒரு நாள் மாற்றம் என்றால், அன்று தொட்ட நாலு வரியைப் பார்த்தாலே போதும்.

பயனாளிகள் அதிகமுள்ள செயலிகளில் இன்னொரு வழியும் உண்டு. புதிய பதிப்பை முதலில் சிலருக்கு மட்டும் கொடுத்துப் பார்த்து, பிறகு மெல்ல எல்லோருக்கும் கொடுப்பார்கள். கூகுள் பிளே ஸ்டோரில் ஆண்ட்ராய்டு செயலிகளுக்கு இந்த வசதி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் போனில் வந்த அப்டேட் உங்கள் போனில் இரண்டு நாள் கழித்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் மட்டும் கை வைக்காதீங்க

சோதனைக்கு உண்மையான மனிதர்களின் விவரங்களைப் பயன்படுத்தவே கூடாது. ஆதார் எண், குடும்ப அட்டை எண், மின் இணைப்பு எண், போன் நம்பர் எதுவும் வேண்டாம். திறந்த பெட்டகத்தில் வைத்தது உலகத்துக்கே தெரியும். பிறகு அழித்தாலும், பழைய மாற்றங்களின் வரலாற்றில் அது அப்படியே இருக்கும். பெயர் தேவைப்பட்டால் 'சோதனை நபர் 1' என்று வையுங்கள்.

பாஸ்வேர்டு, ஏபிஐ சாவி போன்றவற்றையும் கோடில் எழுதாதீர்கள். அவற்றுக்கென்றே செட்டிங்ஸில் 'சீக்ரெட்ஸ்' என்ற தனி இடம் இருக்கிறது. தெரியாமல் ஒரு சாவி வெளியே போய்விட்டால், அதை அழிப்பது மட்டும் போதாது. அந்தச் சாவியை உடனே ரத்து செய்துவிட்டுப் புதியது வாங்க வேண்டும்.

உங்கள் செயலியில் அரசு முத்திரையையோ துறையின் சின்னத்தையோ போடாதீர்கள். 'இது தனிநபர் செய்த கணக்கீட்டுப் பக்கம். ரசீதில் உள்ள தொகையே இறுதியானது' என்று முதல் திரையிலேயே எழுதுங்கள். எந்தத் தேதியில் வந்த விகிதப்படி கணக்கிடுகிறது என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள். படிப்பவருக்கு அதுதான் பெரிய உதவி.

கோட் எழுதாதவர் என்ன செய்யலாம்?

நீங்களும் இந்தச் சோதனையில் பங்கெடுக்க முடியும். எந்தச் சேவையிலாவது தப்பு கண்டால் 'ஆப் வேலை செய்யல' என்று மட்டும் எழுதாதீர்கள். அதை வைத்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. நான்கு விஷயம் சொல்லுங்கள்:

1. எந்தப் பக்கத்தில், என்ன செய்தீர்கள்?
2. என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள்?
3. உண்மையில் என்ன வந்தது?
4. எந்த போன், எந்த பிரவுசர், எந்தத் தேதி, எத்தனை மணி?

ஸ்கிரீன்ஷாட் வைப்பதாக இருந்தால் ஆதார் எண்ணையும் ஓடிபி-யையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். '500 யூனிட் போட்டேன், 1,725 வர வேண்டும், 1,950 வந்தது' என்ற ஒரு வரி கிடைத்தால், நல்ல பொறியாளர் முதலில் அதை அப்படியே சோதனைத் தாளில் சேர்ப்பார். பிறகு கோடைத் திருத்துவார். அன்றிலிருந்து அந்தத் தப்பு திரும்பி வர முயன்றால் உங்கள் வரிதான் அதைத் தடுத்து நிறுத்தும். உங்கள் ஒரு புகார், அடுத்து வரும் எல்லோருக்கும் காவலாக மாறுகிறது.

இந்த வாரப் பயிற்சி

மின்கட்டணத்தை விடச் சுலபமான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதியைக் கொடுத்தால், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க 18 வயது நிரம்பிவிட்டதா என்று சொல்லும் ஒரு பக்கம். இப்போது வருடத்துக்கு நான்கு தகுதித் தேதிகள் இருக்கின்றன: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. அப்படியானால் உங்கள் சோதனைத் தாளில் எந்தெந்தப் பிறந்த தேதிகள் இருக்க வேண்டும்? தகுதித் தேதியன்றே 18 நிரம்புபவர், அதற்கு மறுநாள் நிரம்புபவர், பிப்ரவரி 29-ல் பிறந்தவர் என்று எல்லைகளைத் தேடுங்கள். குறைந்தது பத்து வரி எழுதுங்கள். எழுதிய பிறகு, ஏழு படிகளையும் வரிசையாகச் செய்யுங்கள்.

கோட் அப்புறம் எழுதலாம். தாளை இன்றே எழுதிவிடுங்கள்.